சுரங்கத்தின் பக்கத்தில் இன்னொரு தாது இருக்குமா?

கேள்வி:

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில், மாரிக்குப்பத்தில். கல்யாணமாகி முத்தியால்பேட்டைக்கு வந்து பல வருஷமாகிவிட்டது. அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001இல் சுரங்கத்தை இழுத்து மூடியபோது, "இந்த ரீஃபுக்குப் பக்கத்திலேயே இன்னும் தங்கம் கிடக்கு, தேடத்தான் ஆளில்லை" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அவர் சொன்னது உண்மையா, மனத் தாங்கலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது அந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. என் மகள் பி.எஸ்சி. முடித்து, எம்.எஸ்சி. நிலவியல் படிக்க இடம் வாங்கியிருக்கிறாள். தாத்தாவின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள். மணிக்கூண்டுப் பக்கம் இருக்கும் எங்கள் உறவுக்காரர் ஒருவர், "இப்போ சாட்டிலைட்டும் கம்ப்யூட்டரும் எல்லாத்தையும் காட்டிடுது. இனிமே சுத்தியலைத் தூக்கிக்கிட்டு மலை மலையா அலையுற படிப்பு எதுக்கு? அதுவும் பொம்பளைப் பிள்ளைக்குச் சுரங்கம் எதுக்கு?" என்கிறார்.

கண்ணுக்குத் தெரியாத தாதுவை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? சுரங்கம் இருக்கும் இடத்தின் பக்கத்தில் இன்னொரு படிவு இருக்கும் என்று சொல்ல ஆதாரம் என்ன? எங்கள் புதுச்சேரிக்கு அடியில் ஏதாவது உண்டா? மகளை அனுப்பலாமா? விளக்கமாகச் சொல்லுங்கள்.

— ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்:

உங்கள் அப்பா சொன்னதில் பாதி, நிலவியல் மாணவர்களுக்கு நாங்கள் சொல்லித்தரும் அடிப்படைப் பாடம். அடுத்த தாதுவைத் தேடுவதற்கு முதல் இடம், ஏற்கெனவே இருக்கும் சுரங்கத்தைச் சுற்றியுள்ள நிலம்தான். மீதிப் பாதி, அதாவது தங்கம் இருந்தாலே சுரங்கம் நடத்திவிடலாம் என்பது, வேறு கணக்கு. இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன். மகள் விஷயத்தில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

தாது ஏன் கூட்டமாகக் கிடக்கிறது?

எல்லாப் பாறையிலும் எல்லா உலோகமும் துளித்துளி உண்டு. சாதாரணப் பாறை ஒரு டன்னை இடித்துப் பார்த்தால் தங்கம் ஒரு கிராமில் ஆயிரத்தில் சில பங்குதான் தேறும். அது ஆயிரம் மடங்குக்கு மேல் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் தாது என்ற பெயர் கிடைக்கும். அப்படிச் சேர்க்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது, பூமிக்கு ஆழத்தில் ஓடும் வெந்நீர்.

கோலாரையே எடுத்துக்கொள்வோம். சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் பாய்ந்து உறைந்த எரிமலைக் குழம்பு, பின்னர் ஆழத்தில் புதைந்து, நசுங்கி, சூடேறி, கரும்பச்சை நிற ஆம்பிபோலைட் பாறையாக மாறியது. வடக்கு தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளும் ஒடுங்கிய பட்டை அது. நிலம் நசுங்கும்போது அந்தப் பட்டையில் விரிசல்கள் விட்டன. கந்தகத்தோடு சேர்த்துத் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு வந்த வெந்நீர் அந்த விரிசல்களில் ஏறியது. விரிசல் சட்டென்று திறந்து அழுத்தம் குறைந்த இடங்களில், கரைந்திருந்ததை நீர் இறக்கி வைத்தது. வெள்ளைக் குவார்ட்ஸும் அதற்குள் தங்கமும் படிந்தன. விரிசல் அடைபட்டது, மீண்டும் விட்டது, மீண்டும் படிந்தது. இப்படி உருவான தங்கம் கலந்த குவார்ட்ஸ் நாளத்தைத்தான் சுரங்கக்காரர்கள் ரீஃப் என்பார்கள்; உங்கள் அப்பா வேலை பார்த்த சாம்பியன் ரீஃப் அதில் ஒன்று. நீளவாக்கில் பல கிலோமீட்டர், ஆழத்தில் 3 கிலோமீட்டருக்கு மேல் அதைப் பின்தொடர்ந்து வெட்டியிருக்கிறார்கள்.

வெந்நீர் ஒரே ஒரு விரிசலை மட்டும் தேர்ந்தெடுத்து ஏறுவதில்லை. கோலாரில் சாம்பியன் ரீஃபுக்கு இணையாக ஓரியண்டல், மெக்டாகார்ட் என்று பெயர் வைத்த, சல்பைடு கலந்த ரீஃப்களும் உண்டு. அதே பட்டை தெற்கே ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கம் நீள்கிறது. அங்கே சிகர்குண்டாவிலும் பிசாநத்தத்திலும் தங்கச் சுரங்கங்கள் நடந்தன. ஒரே ரீஃபுக்குள்ளும் தங்கம் சீராகப் பரவியிருக்காது. ஒன்றுமே தேறாத நீளம் கொஞ்சம் வரும். பாறை மடிந்த இடத்திலோ, விரிசல் திசை மாறிய இடத்திலோ திடீரென்று செழிப்பான ஒரு தண்டு ஆழத்தை நோக்கிச் சாய்ந்து இறங்கும்.

அதனால் நிலவியலாளர் முதலில் கேட்பது, இந்த நீர் எங்கிருந்து வந்தது, எந்த வழியாக ஏறியது, எது அதைத் தடுத்து நிறுத்தியது என்று. தாது உருவான காரணம் பிடிபட்டால், அதே காரணம் வேலை செய்திருக்கக்கூடிய இன்னோர் இடத்தைச் சுட்டிக் காட்டலாம். மறைந்திருக்கும் தாதுவைத் தேடும் வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

ஒரே காலத்தில் இரண்டு தங்கவயல்கள்

இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டு தேடுவதற்கும், தங்கம் தெரிந்த உடனே கடப்பாரையைத் தூக்குவதற்கும் என்ன வித்தியாசம் என்பதை நம் பக்கத்துச் சரித்திரமே காட்டுகிறது.

கோலார்ப் பகுதியில் ஊர்க்காரர்கள் மண்ணை அலசித் தங்கம் எடுத்ததை 1802இல் லெப்டினன்ட் ஜான் வாரன் பார்த்துப் பதிவு செய்தார். அங்கே பழங்காலத்துக் குழிகளும் இருந்தன. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் உள்ளே வந்தது. ஆனால் தொடக்க வருஷங்களில் பணம் கரைந்ததுதான் மிச்சம். அங்கே தோண்டிய மைசூர்க் கம்பெனியைக் கலைத்துவிடலாம் என்ற பேச்சு வந்த நேரத்தில், பொறுப்பிலிருந்த கேப்டன் பிளம்மர் பழையவர்கள் வெட்டிய குழிகளைக் கவனமாகப் பார்த்து, அவற்றின் அடியைத் தாண்டிக் கீழே இறங்கினார். சாம்பியன் ரீஃப் கைக்குச் சிக்கியது. அதன்பின் நூறாண்டுக்கு மேல் நடந்தது நீங்கள் பிறந்த ஊரின் கதை.

கிட்டத்தட்ட அதே வருஷங்களில் நீலகிரியின் தேவாலா, பந்தலூர்ப் பக்கமும் ஒரு தங்க வெறி கிளம்பியது. இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் (ஜி.எஸ்.ஐ.) வில்லியம் கிங், அப்போது வயநாடு என்று அழைத்த அந்தப் பகுதியின் தங்கத்தைப் பற்றி 1875இல் எழுதியிருந்தார். 1880இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரஃப் ஸ்மித் ஓர் அறிக்கை கொடுத்தார். லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கினார்கள். 40 லட்சம் பவுண்டுக்கு மேல் மூலதனம் திரட்டினார்கள். பணத்தில் பெரும்பகுதி நிலம் வாங்கவும் கம்பெனியைத் தொடங்கியவர்களின் பைக்கும் போனது. பாறைக்குள் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று சோதிக்கும் முன்பே, பாறையை இடிக்கும் எந்திரங்களை மலையேற்றினார்கள். மேற்பரப்பில் வெயிலும் மழையும் பட்டுச் சிதைந்த பாறையில் தங்கம் தனித்துத் தெரியும். கீழே போகப் போக அது இரும்புச் சல்பைடுக்குள் பூட்டிக்கொண்டு கிடக்கும், அளவும் குறையும். மேலே கண்டதைக் கீழேயும் இருப்பதாக நம்பியவர்கள் சில வருஷங்களில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போனார்கள். இன்று அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே பழைய குகைகள் கிடக்கின்றன.

வெங்காயத்தின் மறுபாதி

சுரங்கத்துக்குப் பக்கத்தில் மறைந்திருந்த தாதுவை மூளையால் கண்டுபிடித்ததற்கு உலகம் முழுவதும் பாடம் நடத்தும் உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சான் மானுவல் என்ற பெரிய செம்புச் சுரங்கம் 1950களில் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பக்கத்து நிலத்தை ஆராய்ந்த டேவிட் லோவெல் என்ற நிலவியலாளர், தாதுவை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்த வெறும் பாறையைக் கூர்ந்து பார்த்தார்.

செம்பைக் கொண்டுவரும் வெந்நீர், தான் கடந்து போகும் பாறையையும் மாற்றிவிடும். வெப்பம் மிகுந்த நடுப்பகுதியில் இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பாரும் கருப்பு அபிரகமும் வளரும். அதைச் சுற்றி வெளிறிய அபிரகமும் இரும்புச் சல்பைடும் சேர்ந்த வளையம் வரும். இன்னும் வெளியே போனால் பச்சை நிறக் கனிமங்கள். வெங்காயத்தின் அடுக்குகளைப்போல ஒன்றை ஒன்று மூடியிருக்கும் வளையங்கள் இவை. செம்பு இந்த அடுக்குகளில் ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் படியும்.

சான் மானுவலில் அடுக்குகள் ஒரு பக்கம் மட்டும் ஒழுங்காக இருந்தன. மறுபக்கம் கத்தியால் வெட்டியதுபோல நின்றன. வெட்டிய இடத்தில் ஒரு பிளவுப்பெயர்ச்சி ஓடியது. நிலம் முதலில் சாய்ந்திருக்கிறது, பிறகு அந்தப் பிளவின்மேல் நழுவியிருக்கிறது என்று லோவெல் கணித்தார். அப்படியானால் மறுபாதி எங்கேயோ இருந்தாக வேண்டும். பிளவு எந்தத் திசையில் எவ்வளவு நழுவியது என்று கணக்குப் போட்டு, மேலே எந்த அடையாளமும் இல்லாத இடத்தில் துளையிடச் சொன்னார். 1960களின் நடுவில், பல நூறு மீட்டர் ஆழத்தில், அந்த மறுபாதி கிடைத்தது. கலமஸூ படிவு என்று பெயர். 1970இல் லோவெலும் கில்பெர்ட்டும் இந்த அடுக்குகளைப் பற்றி எழுதிய கட்டுரையை வைத்துத்தான் உலகெங்கும் இந்த வகைச் செம்பை இன்றும் தேடுகிறார்கள்.

இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று. துளையில் வெளிவரும் பாறைத் தண்டை "கோர்" என்போம். தாது இல்லாத கோரை உதவாது என்று ஒதுக்குவது பல இடங்களில் வழக்கம். லோவெலுக்கு வழி காட்டியதே அந்தத் தாது இல்லாத பாறைதான். "இங்கே ஒன்றும் இல்லை" என்று எழுதிய துளையும், அது எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரிந்தவருக்குத் திசை காட்டும்.

நம் நாட்டில் நடந்தது

ராஜஸ்தானின் ஆரவல்லி மலைப் பகுதியில் ஈயமும் துத்தநாகமும் பழங்காலத்திலிருந்தே எடுத்திருக்கிறார்கள். உதய்பூருக்குப் பக்கத்தில் ஜாவரில் அந்தக் காலத்துத் துத்தநாக உலைகளின் மண் குழல்கள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. சல்பைடுத் தாது தரைக்கு வரும் இடத்தில் மழையும் காற்றும் பட்டு, உலோகம் கரைந்துபோய், இரும்பு மட்டும் துருவாக நிற்கும். செந்தவிட்டு நிறத்தில் பொறபொறவென்ற அந்தப் பாறையும், பழைய குழிகளும், கசடு மேடுகளும்தான் இங்கே நிலவியலாளர்களுக்கு முதல் தடயம். பில்வாரா மாவட்டத்தின் ராம்புரா ஆகூசாவை 1977இல் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். இன்று அது உலகத்தின் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்று.

அதைவிட உங்கள் கேள்விக்கு நெருக்கமானது, ராஜ்புரா தரிபா சுரங்கம் இருக்கும் அதே பட்டையில் கிடைத்த சிந்தேசர் குர்த். தாது தரைக்கு மேல் தலைகாட்டாமல் அடியில் மறைந்திருந்த படிவு அது. தரிபாவில் எந்த வகைப் பாறைக்குள், எந்த அடுக்கில், எந்த மடிப்பில் தாது உட்கார்ந்திருக்கிறது என்பது வரைபடத்தில் தெளிவாக இருந்ததால், அதே அடுக்கைப் பட்டை நெடுகப் பின்தொடர்ந்து துளையிட முடிந்தது. 2006இல் அங்கே உற்பத்தி தொடங்கியது. துத்தநாகம், ஈயத்தோடு நாட்டின் வெள்ளியிலும் பெரும் பங்கு இன்று அங்கிருந்து வருகிறது.

சாட்டிலைட்டும் கம்ப்யூட்டரும் போதாதா?

உங்கள் உறவினர் சொல்லும் கருவிகள் எல்லாம் உண்மையில் பெரிய உதவி. ஓடை மண்ணையும் வயல் மண்ணையும் எடுத்துச் சோதித்து, பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவான உலோகத்தைக்கூடக் கண்டுபிடிக்கிறோம். தங்கத்தை நேரடியாகத் தேடுவதைவிட, பல இடங்களில் அதோடு கூட வரும் ஆர்சனிக்கைத் தேடுவது சுலபம். அது தங்கத்தைவிட அகலமாகப் பரவிக் கிடக்கும். விமானத்தில் பறந்தபடியே நிலத்தின் காந்தப் புலத்தை அளக்கலாம். 2017 முதல் நம் நாட்டில் ஜி.எஸ்.ஐ. இதைப் பெரிய அளவில் செய்துவருகிறது. தரையில் மின்சாரம் செலுத்திச் சல்பைடு இருக்கிறதா என்று பார்க்கலாம். துளைக்குள்ளேயே கருவியை இறக்கி, துளை தொடாமல் தப்பிய தாது பக்கத்தில் இருக்கிறதா என்றும் கேட்கலாம். எல்லாத் தகவலையும் கணினியில் சேர்த்து, நிலத்துக்கு அடியிலிருப்பதை முப்பரிமாணத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

ஆனால் கருவி சொல்வது "இங்கே மின்சாரம் நன்றாகப் பாய்கிறது" என்பதை மட்டும்தான். செம்புச் சல்பைடிலும் பாயும், பென்சில் கரியான கிராஃபைட்டிலும் பாயும். காந்தமானி "இங்கே காந்தம் அதிகம்" என்று காட்டும். அது தாதுவோடு சேர்ந்த இரும்புச் சல்பைடாக இருக்கலாம், சேலம் கஞ்சமலையில் இருப்பதுபோன்ற இரும்புக்கல்லாகவும் இருக்கலாம். கோலார்ப் பட்டையிலேயே கிராஃபைட் கலந்த பாறையும் இரும்புக்கல்லும் உண்டு. பாறையைக் கையில் எடுத்துப் பார்க்காதவர் கருவி காட்டிய இடமெல்லாம் துளையிட்டால், பணம் கிராஃபைட்டில்தான் போய் முடியும். ஆழத் துளை ஒவ்வொன்றும் பெரும் செலவு.

கணினியின் நிலையும் இதுதான். யாரோ ஒருவர் வெயிலில் நடந்து, பாறை எந்தத் திசையில் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அளந்து, வரைபடத்தில் சரியாகக் குறித்திருந்தால்தான் கணினி உருப்படியான விடை தரும். தப்பான சாய்வைக் கொடுத்தால், தப்பான இடத்தை அழகான வண்ணத்தில் காட்டும். சுத்தியலும் கணினியும் ஒரே ஆளின் கையில் இருக்க வேண்டிய காலம் இது. உங்கள் மகளைப் போன்றவர்கள் அதற்குத்தான் தேவை.

அப்படியானால் கோலாரை ஏன் மூடினார்கள்?

தாது என்பது பாறையின் பெயர் மட்டும் இல்லை, கணக்கின் பெயரும்கூட. எடுக்கும் செலவைவிட விற்கும் விலை அதிகமாக இருந்தால் அது தாது. இல்லாவிட்டால் தங்கம் கலந்த வெறும் பாறை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆட்களை இறக்கவும், காற்றைக் குளிரவைக்கவும், தண்ணீரை மேலேற்றவும் ஆகும் செலவு ஏறிக்கொண்டே போனது. மேலே இருந்த மலையின் பாரம் தாங்காமல் பாறை வெடிக்கும் விபத்துகள் எத்தனை குடும்பங்களைக் குலைத்தன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆரம்பக் காலத்தில் அள்ளித் தந்த ரீஃப், கடைசியில் டன்னுக்குச் சில கிராம்தான் கொடுத்தது. 1972இல் உருவான பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் நஷ்டத்தில் விழுந்து, 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் நின்றது.

மூடிய சுரங்கத்தைச் சுற்றி இன்னும் தங்கம் இருக்கும் என்று நினைக்க நிலவியல் காரணம் வலுவாகவே இருக்கிறது. இணை ரீஃப்கள், பட்டையின் நீட்சிகள், பழைய தரக் கணக்கில் கழித்துவிட்ட பகுதிகள் எல்லாம் ஆராயத் தக்கவை. அவற்றில் எது இன்றைய விலையில் தாதுவாகும் என்பதைத் துளையிட்டுச் சோதித்த பின்தான் சொல்ல முடியும். அந்தச் சோதனைக்கு அடித்தளம், நூறாண்டுக்கு மேல் அங்கே வரைந்த சுரங்க வரைபடங்களும், மட்டம் மட்டமாக எழுதி வைத்த மாதிரிக் கணக்குகளும். சுரங்கத்தில் தண்ணீர் நிறைந்த பிறகு அந்தப் பாறைகளை நேரில் பார்க்க ஒருவராலும் முடியாது. காகிதத்தில் இருப்பது மட்டுமே மிச்சம். ஒரு சுரங்கம் மூடப்படும்போது இந்தக் காகிதங்களையும் கோர்ப் பெட்டிகளையும் காப்பாற்றுவது, எந்திரங்களைக் காப்பாற்றுவதைவிட முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. 2023 டிசம்பரில் மத்திய அரசு தேசிய நிலவியல் தரவுக் களஞ்சியத்தை இணையத்தில் திறந்தது நல்ல தொடக்கம். ஜி.எஸ்.ஐ. பல பத்தாண்டுகளாகச் சேர்த்த வரைபடங்களை ஒரு கல்லூரி மாணவிகூட இப்போது எடுத்துப் படிக்கலாம். மூடிய சுரங்கங்களின் பழைய பதிவுகள் முழுவதும் இதே வழியில் எல்லோருக்கும் கிடைக்கச் செய்வது அடுத்து நடக்க வேண்டிய வேலை.

புதுச்சேரிக்கு அடியில்

முத்தியால்பேட்டைக்கு அடியில் தங்கமோ செம்போ தேடுவதற்கு நிலவியல் எந்தக் காரணமும் தரவில்லை. கடலோரத்தில் நீங்கள் நிற்பது மணலும் களிமண்ணும் மணற்கல்லும் சுண்ணாம்புப் பாறையும் அடுக்கடுக்காகப் படிந்த நிலம். வெந்நீர் ஏறி விரிசலை நிரப்பிய கதை நடந்திருக்கக்கூடிய பழம்பாறை இவற்றுக்கெல்லாம் கீழே ஆழத்தில் புதைந்திருக்கிறது. மேற்கே போகப் போகத்தான் அது தரைக்கு வரும். மேலே மூடியிருக்கிறது என்பதற்காகத் தேடவே முடியாது என்றில்லை. தென் ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேம் படிவை 1975இல் 300 மீட்டருக்கு மேல் தடித்த வெறும் பாறைக்கு அடியில் கண்டுபிடித்தார்கள். அங்கே புவியீர்ப்பும் காந்தமும் ஒரே இடத்தில் வழக்கத்துக்கு மாறாக இருந்தன, செம்பு எப்படி உருவாகும் என்ற தெளிவான கருத்தும் இருந்தது. காரணம் இருந்தால்தான் துளை.

புதுச்சேரியின் அடுக்குப் பாறைகளுக்கு வேறு செல்வம் உண்டு. தானாகவே பீறிட்டு வரும் ஆழ்துளைக் கிணறுகளை 1870களில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே போட்டபோது, அதைப் பார்த்து 1880இல் எழுதியவர் முன்பு சொன்ன அதே வில்லியம் கிங். சென்னைக்கும் இப்படித் தண்ணீர் கிடைக்குமா என்பதுதான் அவருடைய கேள்வி. அப்படித் தண்ணீருக்குத் துளையிட்டபோதுதான் 1880களில் பாகூர்ப் பக்கம் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 1930களில், நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கருப்புப் பொருள் வந்ததும் அதே வகை அடுக்குகளிலிருந்துதான். ஓரிடத்தில் கிடைத்த அடுக்கை இன்னோர் இடத்தில் பின்தொடர்வது என்ற பாடம் உங்கள் மண்ணுக்கும் புதிதில்லை.

உலோகத் தாது வேண்டுமென்றால், உங்களுக்கு அருகில் உள்ள உண்மையான உதாரணம் பழைய தென்னாற்காட்டின் மாமண்டூர். செம்பு, ஈயம், துத்தநாகம் மூன்றும் சல்பைடாகக் கலந்த படிவு அங்கே பழம்பாறைக்குள் இருக்கிறது. ஜி.எஸ்.ஐ. ஆராய்ந்து துளையிட்டும் பார்த்திருக்கிறது. பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறையில் இப்படித் தாது கிடைப்பது அதிகம் பேருக்குத் தெரியாத சங்கதி. அது எப்படி அங்கே வந்தது என்பதை ஆராய்வது, அதே வகைப் பாறை பரவியிருக்கும் வட தமிழ்நாடு முழுவதற்கும் பயன்படும்.

கண்டுபிடிப்பது வேறு, தோண்டுவது வேறு

இன்னொன்றையும் உங்கள் மகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மதுரை மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் இருப்பதை நிலவியல் ஆய்வு காட்டியது. 2024 நவம்பரில் அந்த நிலத்தை ஏலத்தில் ஒரு நிறுவனத்துக்கு ஒதுக்கினார்கள். சமணர் படுக்கைகளும், குடைவரைக் கோயிலும், சுனைகளும் உள்ள அரிட்டாபட்டி அந்த எல்லைக்குள் வந்தது. 2022இலேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள், சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அங்கே நிலவியல் தோற்கவில்லை. அடியில் என்ன இருக்கிறது என்று சொல்வது எங்கள் வேலை. அதை எடுப்பதா, மேலே இருப்பதைக் காப்பதா என்று முடிவெடுக்க ஊருக்கு உரிமை உண்டு. உண்மையைச் சொன்னால், சுரங்கத்தின் பக்கத்தில் தேடும் முறையை நான் ஆதரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஏற்கெனவே சாலையும் ஷாஃப்டும் ஆலையும் இருக்கும் இடத்தில் புதுத் தாது கிடைத்தால், இன்னொரு மலையையும் இன்னொரு ஊரையும் தொட வேண்டியதில்லை.

மகளுக்கு

பெண் பிள்ளைக்குச் சுரங்கமா என்ற கேள்விக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுத்திருந்தது. 2019இல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில் பெண்கள் பகல் நேரத்தில் நிலத்தடிச் சுரங்கத்துக்குள் இறங்க அப்போது அனுமதி கிடைத்தது. எழுதிக் கொடுத்த சம்மதத்தையும் பாதுகாப்பு ஏற்பாட்டையும் அதற்குக் கட்டாயமாக்கினார்கள். தவிர, நிலவியலாளரின் வேலையில் பெரும்பகுதி திறந்த வெளியிலும், கோர்க் கொட்டகையிலும், ஆய்வுக்கூடத்திலும், கணினி முன்னும்தான்.

ஜி.எஸ்.ஐ. வேலைக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் நிலவியலாளர் தேர்வு உண்டு. தாது மட்டும் இல்லாமல் நிலத்தடி நீர், நிலச்சரிவு ஆய்வு, சுரங்கப்பாதைக் கட்டுமானம் என்று இந்தப் படிப்புக்குப் போகுமிடம் பல. உங்கள் வீட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் வரும் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலேயே புவி அறிவியல் துறை இருக்கிறது. அங்கே இருக்கும் பேராசிரியர்களிடம் நேரில் போய்ப் பேசச் சொல்லுங்கள்.

படிக்கும்போது மூன்றை விடாமல் பழகட்டும். ஒன்று, களத்தில் வரைபடம் போடுவது. வெயிலுக்குப் பயந்து நண்பரின் நோட்டைப் பார்த்து எழுதும் மாணவருக்குப் பாறை ஒருநாளும் பிடிபடாது. இரண்டு, கோரைப் படிப்பது. தாது வந்த நீளத்தை மட்டும் பாராமல், வராத நீளத்தையும் அதே அக்கறையோடு எழுதுவது. மூன்று, கணினி. தரவைத் தானே கையாளும் அளவுக்கு நிரல் எழுதத் தெரிந்திருப்பது. இவற்றோடு, ஏதாவது ஒரு பழைய சுரங்கப் பட்டையைத் தேர்ந்தெடுத்து, அதைப் பற்றி ஜி.எஸ்.ஐ. வெளியிட்ட அறிக்கைகளை ஆரம்பத்திலிருந்து வரிசையாகப் படித்து வரட்டும். முன்னால் போனவர்கள் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்காமல் விட்டார்கள் என்பது அதில் தெரியும். நாளைக்கு அவள் துளையிடச் சொல்லும் முதல் இடம் அநேகமாக அந்த இடைவெளிகளில் ஒன்றாகத்தான் இருக்கும்.